ராத்திரி ஆனால் டாக்கா கேட்கும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மதியம் ஒரு மணிக்கு டிரான்சிஸ்டரை 693 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் இரைச்சலைத் தவிர ஒன்றும் இருக்காது. முள்ளை அசைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, டிசம்பர் மாதத்தில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வந்து பாருங்கள். முதலில் இரைச்சலுக்கு அடியில் யாரோ முணுமுணுப்பது போல இருக்கும். பத்து நிமிடத்தில் அது ஒரு பெண்ணின் குரலாகத் திரளும். ஆறு மணிக்குள் வங்காளப் பேச்சு வார்த்தை வார்த்தையாகக் காதில் விழும். சுமார் 1600 கிலோமீட்டர் தள்ளி, வங்கக் கடலின் அந்தக் கோடியில் இருக்கும் டாக்காவின் 1000 கிலோவாட் நிலையம் அது. தங்கள் வானொலியை அவர்கள் ‘பேதார்’ என்கிறார்கள். தார் என்றால் கம்பி, பேதார் என்றால் கம்பியில்லாதது. நாம் வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் கம்பத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி வானொலிக்கு நம் பெயர்தான் பொருத்தம் என்பது என் கட்சி.

தூரத்து மத்திய அலை (மீடியம் வேவ்) நிலையங்களை இப்படித் தேடிப் பிடிக்கும் பொழுதுபோக்குக்கு டிஎக்ஸிங் என்று பெயர். டிஎக்ஸ் என்பது ‘தூரம்’ என்பதற்குத் தந்திக்காரர்கள் வைத்த சுருக்கம். பெயர் புதிதாகத் தோன்றினாலும் பழக்கம் நமக்குப் பழையது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சலூன்களிலும் டீக்கடைகளிலும் இலங்கை வானொலி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தெருவே சேர்ந்து செய்த வேலை இதுதான். மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசியது கிட்டத்தட்ட 680 கிலோமீட்டர் தாண்டி, வேறொரு நாட்டிலிருந்து. அதைத் தூரம் என்றே யாரும் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி இருந்தது.

சரி, பகலில் வராத டாக்கா ராத்திரி மட்டும் எப்படி வருகிறது?

வெயில்தான் காரணம். தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல், சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. அந்தப் பகுதிதான் அயனி மண்டலம். அது அடுக்கடுக்காக இருக்கிறது. கீழ் அடுக்கான ‘டி’ 60-லிருந்து 90 கிலோமீட்டர் வரை. அங்கே காற்று இன்னும் ஓரளவு அடர்த்தி. மத்திய அலை உள்ளே போனதும் எலக்ட்ரான்கள் அதோடு சேர்ந்து ஆடும், ஆடும்போதே பக்கத்து மூலக்கூறுகள்மேல் இடிக்கும், இடித்த இடத்தில் அலையின் சக்தி வெப்பமாகிவிடும். பகல் முழுக்க இந்த அடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதனால் பகலில் நமக்குக் கிடைப்பது தரையோடு தவழ்ந்து வரும் அலை மட்டும்.

சூரியன் மறைந்ததும், பிய்ந்த எலக்ட்ரான்கள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. காற்று அடர்த்தியாக இருக்கும் கீழ் அடுக்கில் இது மளமளவென்று நடந்து, ‘டி’ அடுக்கு கரைந்துபோகிறது. மேலே, 100 கிலோமீட்டரை ஒட்டிய ‘இ’ அடுக்கும் 250, 300 கிலோமீட்டர் உயரத்து ‘எஃப்’ அடுக்கும் மெலிந்தாலும் அழியாது. உறிஞ்சுகிற ஆள் எழுந்து போய்விட்டான், திருப்பி அடிக்கிற சுவர் மட்டும் நிற்கிறது. அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை ‘இ’ அடுக்கிலிருந்து ஒரே தாவலில் 2000 கிலோமீட்டர் வரை போய் இறங்கும். டாக்கா அந்த எல்லைக்குள் வசதியாக வந்துவிடுகிறது.

இப்படி ஒரு சுவர் இருக்க வேண்டும் என்று கென்னெலியும் ஹெவிசைடும் 1902-லேயே ஊகித்தார்கள். 1924 டிசம்பரில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன், போர்ன்மத் ஊரின் பிபிசி நிலையத்து அலையை வைத்தே அதன் உயரத்தை அளந்துகாட்டினார். 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1924-இல் நம் ஊரில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப், 40 வாட் டிரான்ஸ்மிட்டரோடு ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. இன்று வீட்டுக் குண்டு பல்பு அந்த அளவு. பணமில்லாமல் 1927-இல் கிளப் மூடப்பட, 1930-இல் சென்னை மாநகராட்சி அந்த வேலையைத் தொடர்ந்தது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல்தான் வந்தது.

ராத்திரிக் குரல் ஏறி இறங்குவதற்கும் இந்தச் சுவர்தான் காரணம். அது சிமெண்டுச் சுவர் இல்லையே, மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கிறது. 693 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 433 மீட்டர். ஒரே நிலையத்தின் அலை இரண்டு வழியாக வந்து, ஒரு வழி இன்னொன்றைவிடப் பாதி அலைநீளம், அதாவது 200 மீட்டர் சொச்சம் நீண்டுவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாட்டு சரணத்துக்கு வரும் நேரத்தில் மங்கிப்போய், பல்லவிக்குத் திரும்பும்போது மறுபடி ஓங்கி ஒலிப்பது அதனால்தான். பேட்டரி தீர்ந்துவிட்டதென்று அப்பா ரேடியோவைத் தட்டுவார். தட்டியதும் சரியாகிவிடும். தட்டாமல் இருந்தாலும் சரியாகியிருக்கும்.

சாயங்காலத்தில் எந்தத் திசை முதலில் திறக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கிழக்கே முதலில் இருட்டுகிறது. போர்ட் பிளேரில் நம்மைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகச் சூரியன் மறையும். ஆக நமக்கு வெளிச்சம் இருக்கும்போதே, பாதி வழி இருட்டிவிட்டதால், 684-இல் அந்தமான் தலைகாட்டும். டாக்கா அதையொட்டி வரும். மேற்கே குஜராத்தின் ராஜ்கோட் 1071-இல் 1000 கிலோவாட்டில் பேசினாலும் அந்தப் பக்கம் இருட்டும் வரை காத்திருக்க வேண்டும். விடியற்காலையில் இதே வரிசைதான்: கிழக்கு நிலையங்கள் முதலில் மங்கும், மேற்கு கடைசி வரை தாக்குப்பிடிக்கும். ஆறு மணிக்கு எழுந்து மாடிக்குப் போனால் டாக்கா போயிருக்கும், ராஜ்கோட் இருக்கும்.

நம் தென்கோடியில் இன்னொரு விசேஷம். பூமியின் காந்த நடுக்கோடு கேரளத்தின் தும்பா பக்கமாகப் போகிறது. 1963 நவம்பர் 21-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை அங்கிருந்து ஏவியதற்கே அதுதான் காரணம். இந்தக் கோட்டுக்கு அருகில், கிழக்கு மேற்காகப் போகும் மத்திய அலைகள் அயனி மண்டலத்துக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் கூடுதலாக இழப்பைச் சந்திக்கின்றன. வடக்கு தெற்காக வருபவைக்கு அந்தச் சங்கடம் குறைவு. தூரத்தை மட்டும் பார்த்து இன்ன நிலையம் வரும், இன்னது வராது என்று இங்கே சொல்ல முடியாது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். நம் பகுதியில் மத்திய அலை நிலையங்கள் 531-லிருந்து 1602 வரை, ஒன்பது ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. 1975-இல் ஜெனீவாவில் செய்த ஏற்பாடு இது. நடைமுறைக்கு வந்தது 1978 நவம்பர் 23. எல்லா எண்ணும் ஒன்பதால் வகுபடும் என்பதால் பள்ளிக்கூடத்துச் சூத்திரம் இங்கே உதவும். சென்னை 720: ஏழும் இரண்டும் ஒன்பது. விவித் பாரதி ஒலித்துவந்த 783: கூட்டினால் பதினெட்டு. தூத்துக்குடி 1053: ஒன்பது. கூட்டல் ஒன்பதிலோ அதன் மடங்கிலோ முடியாத எண்ணில் ஒரு நிலையம் கேட்டதாக யாராவது சொன்னால் முதலில் அவருடைய ரேடியோவைப் பாருங்கள். அமெரிக்காவில் இடைவெளி பத்து. அந்த ஊர் டிஜிட்டல் ரேடியோவை வாங்கிவந்து, ஒன்பதுக்கு மாற்றும் பொத்தானைக் கவனிக்காமல், ‘இந்தியாவில் எல்லா ஸ்டேஷனும் கரகரவென்று கேட்கிறது’ என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

இப்போது ரேடியோவைத் திருப்பும் வித்தை. டிரான்சிஸ்டரைத் திறந்தால் உள்ளே கறுப்பாக ஒரு பென்சில் மாதிரி ஃபெரைட் கம்பியும் அதன்மேல் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கும். மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். வெளியே இழுத்து நீட்டுகிற குச்சி பண்பலைக்கும் சிற்றலைக்கும். ஃபெரைட் கம்பி தன் பக்கவாட்டிலிருந்து வருவதை நன்றாக வாங்கும். அதன் முனை நிலையத்தைக் குத்திக்காட்டினால் அந்த நிலையம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும்.

இதில் வடசென்னைக்காரர்களுக்கு அடித்த யோகம் ஒன்று இருக்கிறது. சென்னை ஏ-யின் 720 ஆவடியிலிருந்து 200 கிலோவாட்டில் வருகிறது. இவ்வளவு பக்கத்தில் அவ்வளவு பெரிய குரல் இருந்தால் அக்கம்பக்கத்து எண்களில் வேறு எவரும் வாய் திறக்க முடியாது. ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து பார்த்தால் ஆவடி நேர் மேற்கு. ரேடியோவைக் கிழக்கு மேற்காக, ஒரு முனை கடலையும் மறு முனை ஆவடியையும் பார்க்கும்படி வைத்தால் 720 அடங்கிவிடும். அப்போது கம்பியின் பக்கவாட்டு எந்தத் திசையில்? வடக்கும் தெற்கும். வடக்கே 738-இல் ஐதராபாத், வடகிழக்கில் சற்றுச் சாய்வாக டாக்கா, தெற்கே இலங்கை. நாம் கேட்க விரும்பும் முக்கால்வாசி ஊர்கள் அந்தக் கோட்டில்தான் இருக்கின்றன. தாம்பரத்துக்காரருக்கு ஆவடி ஏறத்தாழ வடக்காகிவிடும். அதை அடக்கத் திருப்பினால் ஐதராபாத்தும் சேர்ந்து மெலியும். எல்லா வசதியும் தெற்குச் சென்னைக்குத்தான் என்று சலித்துக்கொள்கிற நமக்கு இப்படி ஒரு இடத்தில் மேற்கை யாரோ சரியாக வைத்திருக்கிறார்கள்.

இன்னும் வேண்டுமென்றால் சட்ட ஏரியல் செய்துகொள்ளலாம். இரண்டு அடிக்கு இரண்டு அடி சதுரம் அமைகிற மாதிரி மரச்சட்டத்தில் சிலுவை செய்து, அதைச் சுற்றிப் பன்னிரண்டு சுற்று உறை போட்ட ஒயர். ஒயரின் இரண்டு முனைகளுக்கும் இடையே, பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய 500 பிகோஃபாரட் கேங், அதாவது நிலையம் மாற்றத் திருப்புகிற மின்தேக்கி. ரேடியோவோடு எந்த ஒயரும் சேர்க்க வேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும். கேங்கை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நிலையம் குபீரென்று பொங்கும். அந்தக் கணத்துக்காகவே பலர் இந்தப் பழக்கத்தில் விழுகிறார்கள் என்று நினைக்கிறேன். கேங்குக்கு ரிச்சி தெருவில் அலைந்தால் கிடைக்கலாம். எனக்குக் கிடைத்தது பழைய பேப்பர் கடையில், செத்த ஒரு மர்ஃபி ரேடியோவின் வயிற்றுக்குள்.

கடலும் நமக்குச் சாதகம். தரையோடு வரும் அலை காய்ந்த மண்ணில் சீக்கிரம் தேய்ந்துவிடும். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல்மேல் அது நெடுந்தூரம் வரும். சென்னையிலிருந்து தூத்துக்குடி நேர்க்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர், இலங்கையின் புத்தளம் 560. தூத்துக்குடியின் 200 கிலோவாட் அலை முழுக்கத் தமிழ்நாட்டு மண்மேல் ஊர்ந்து வர வேண்டும். புத்தளத்தில் 882-இல் ஒலிக்கும் கிறித்தவ வானொலியின் 400 கிலோவாட் அலைக்கு வழி பெரும்பாலும் தண்ணீர், நாகப்பட்டினத்துக்கும் கோடியக்கரைக்கும் கிழக்கே படகு போகிற பாதை. பகலிலேயே எங்கள் மாடியில் 882 மெலிதாகக் கேட்கிறது. 1053-க்கு ராத்திரியாக வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, இன்று யாராவது ரேடியோவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் பெரும்பாலும் ஏமாந்துதான் இறங்குவார்கள். வானம் மாறவில்லை. ‘டி’ அடுக்கு இன்றைக்கும் நேரத்துக்குக் கரைகிறது. மாறியது கீழே.

எல்ஈடி பல்பு, செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்குள்ளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடும் சர்க்யூட் இருக்கிறது. அந்த வெட்டில் தெறிக்கும் குப்பை நேராக மத்திய அலையில் வந்து விழுகிறது. அதை வடிகட்டும் பாகங்களை மலிவான சார்ஜரில் விட்டுவிடுகிறார்கள். வடசென்னையில் இதோடு கடல் காற்றும் சேர்கிறது. மின்கம்பத்துப் பீங்கான்களில் உப்பு படிந்து, பனி இறங்கியதும் அதன்மேல் மின்சாரம் கசிந்து பொரிகிறது. அலையைக் கொண்டுவந்து சேர்க்கும் அதே கடல்தான். கொருக்குப்பேட்டைப் பக்கம் மின்சார ரயில் போனால் தலைக்கு மேல் கம்பியில் தெறிக்கும் பொறிக்கு ஒரு ‘சர்ர்ர்’. ஆடி மாதம் அம்மன் கோயில் சீரியல் செட் போட்டுவிட்டால் பத்து நாளைக்கு, கேட்டதைக் குறிக்கும் நோட்டை மூடி வைக்க வேண்டியதுதான்.

ஒரு முறை இரண்டு வாரம் எந்த எண்ணில் வைத்தாலும் தறி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். எதிர் வீட்டு இன்வெர்ட்டர், தெருமுனை டிரான்ஸ்பார்மர் என்று எல்லோரையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் எங்கள் வீட்டு மெயினை அணைத்துப் பார்த்தேன். சத்தம் நின்றது. ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுக்கொண்டே வந்ததில், பூஜை மாடத்தில் எரியும் சின்ன மின்சார விளக்குதான் திருடன் என்று தெரிந்தது. அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, எண்ணெய் விளக்குதான் விசேஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சத்தமில்லாத சென்னை எப்படி இருக்கும் என்று ஒரு முறை கேட்டிருக்கிறேன். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் நகரத்தைப் பிய்த்துப் போட்டது. எங்கள் பகுதியில் நான்கு நாள் கரண்ட் இல்லை. மறுநாள் ராத்திரி மாடிக்குப் போய் ரேடியோவை முடுக்கினால், கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும் அளவுக்கு அமைதி. எண்ணுக்கு எண் நிலையம். எங்கோ தொலைவில் மின்னல் வெட்டினால் ஒரு ‘டப்’, அவ்வளவுதான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மேல்வீட்டுத் தாத்தா மெழுகுவர்த்தியோடு வந்தார்.

“இன்னாபா, கரண்ட் இல்லாம பாடுது?”

“பேட்டரி தாத்தா. வாங்க, உட்காருங்க. ஐதராபாத்து இது.”

“தெலுங்கு கெடக்கட்டும். சிலோன் வருதா பாரு.”

முள்ளை நகர்த்தினேன். தமிழ் வந்தது, பின்னால் யாரோ குறுக்கே பேசினார்கள். அவர் ரேடியோவை என் கையிலிருந்து வாங்கி, மடியில் வைத்து, காது கொடுத்துக்கொண்டே கால் வட்டம் திருப்பினார். குறுக்கே பேசியவர் அடங்கினார். ஃபெரைட் கம்பி பற்றி நான் அவருக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நிலையங்களும் குறைந்துகொண்டு வருகின்றன. 1988-இல் தொடங்கிய ஆகாசவாணியின் தேசிய அலைவரிசை, நாக்பூரிலிருந்து 1566-இல் 1000 கிலோவாட்டில் விடிய விடிய ஒலித்தது. வாட்ச்மேன்களும் லாரி டிரைவர்களும் அதைக் கேட்டுத்தான் இரவைக் கடத்தினார்கள். 2019-இன் தொடக்கத்தில் அது நின்றுபோனது. மிச்சமிருக்கும் டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றில் டிஆர்எம் எனும் டிஜிட்டல் முறையைச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கான ரேடியோ இல்லாதவர் காதில் அந்த ஒலிபரப்பு வெறும் சீறலாகத்தான் விழும்.

கேட்டதைக் குறித்துவைப்பதிலும் ஒரு முறை உண்டு. நேரத்தை உலகப் பொது நேரத்தில், அதாவது நம் கடிகாரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து எழுத வேண்டும். ஒலியின் தரத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஐந்து மதிப்பெண். என்ன கேட்டோம் என்ற விவரத்தோடு நிலையத்துக்கு அனுப்பினால், சரிபார்த்துக் கியூஎஸ்எல் அட்டை அனுப்புவார்கள். நிலையம் தன் பெயரைச் சொல்வதைக் காதால் கேட்டிருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. ஊகம் செல்லாது.

நாக்பூர் ஓய்ந்ததில் ஒரு வாசலும் திறந்தது. அதே 1566-இல் தென்கொரியாவின் ஜேஜு தீவிலிருந்து ஒரு கிறித்தவ நிலையம் 250 கிலோவாட்டில் ஜப்பானிய மொழியிலும் சீன மொழியிலும் பேசுகிறது. எங்கள் மாடியிலிருந்து 5000 கிலோமீட்டருக்கு மேல், ஒரே தாவலில் வர முடியாத தூரம். இடையில் குறைந்தது ஒரு தடவையாவது கீழே இறங்கி எழும்ப வேண்டும். மூன்று மார்கழியாகச் சட்ட ஏரியலை வடகிழக்காகத் திருப்பி வைத்துப் பார்க்கிறேன். போன ஜனவரியில் ஒரு நாள், ஏழே முக்கால் மணிக்கு, நான்கு நிமிடம் பியானோ மாதிரி ஏதோ, அப்புறம் ஒரு ஆண் குரல், சீனம் போல. பெயர் சொல்வதற்குள் பக்கத்துத் தெருவில் யாரோ மோட்டார் போட்டார்கள். நோட்டில் 1566-க்கு நேராகக் கேள்விக்குறி மட்டும் இருக்கிறது.